தற்கொலைத் தடுப்பு உதவி எண்கள்

சாக வேண்டும் என்ற எண்ணத்தில் தத்தளிப்பவரும், அவரை நினைத்துக் கவலைப்படும் உறவினரும் நண்பரும் அழைத்துப் பேசுவதற்கான தொலைபேசிச் சேவைகள் இவை. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் இவற்றுக்கு முன்னோடி. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய சினேகா, தன்னார்வலர்களால் நடக்கிறது, எண் 044-24640050. இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசினால் கடன் அடையுமா, குடும்பச் சண்டை தீருமா என்ற கேள்வி நியாயமானது. தீராது. ஆனால் உதவி எண்ணின் வேலை அதுவன்று. உயிர் ஊசலாடும் அந்தச் சில மணி நேரத்தைக் கடக்கத் துணை நிற்பதே அதன் வேலை. சாகத் துடிக்கும் வேகம் பெரும்பாலும் எழுந்து தணியக்கூடியது. சான் பிரான்சிஸ்கோவில் தற்கொலை முயற்சியின்போது தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பற்றி ரிச்சர்ட் சைடன் 1978இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்த வேளையைத் தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்ந்தார்கள் என்பதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. அமெரிக்க உதவி எண்களை அழைத்தவர்களை ஆராய்ந்து மேட்லின் கூல்டு குழுவினர் 2007இல் வெளியிட்ட கட்டுரை, பேசிக்கொண்டிருக்கும்போதே சாகும் எண்ணம் குறைந்ததைக் காட்டியது. அடுத்த வாரங்களில் பலருக்கு அது திரும்பியதையும் அதே கட்டுரை மறைக்கவில்லை. எனவே ஒரு முறை பேசியதோடு நிறுத்திவிடக் கூடாது. மறுபடியும் அழைக்கலாம், மருத்துவரையும் பார்க்க வேண்டும். தேவைப்படுவோரை மனநல மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு டெலி மானஸில் உண்டு.

போலீஸ் வழக்கு வருமோ என்ற அச்சம் இன்னும் பலரைத் தடுக்கிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவில், வேறாக நிரூபிக்கப்படாத வரை தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை. இன்னொரு தயக்கம், சாகும் எண்ணம் உண்டா என்று ஒருவரிடம் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்பது. ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. நேராக, பரிவோடு கேட்பதே நல்லது. அழைப்பவர் கோவையாகப் பேச வேண்டியதில்லை. "எனக்கு வாழவே பிடிக்கல" என்பதே போதும். இணைப்பு கிடைக்காவிட்டால் வேறொரு எண்ணை முயலுங்கள். ஒருவரின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இந்தியாவில் 108 அல்லது 112ஐ அழைத்து, உதவி வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். தவிக்கும் நேரத்தில் எண்ணைத் தேடப் பொறுமை இருக்காது. 14416ஐ இப்போதே கைபேசியில் பதிந்துவையுங்கள்.