கட்டும் நிறையும்: தமிழக வீடுகளில் விறகு அளந்த வரலாறு

அரசர் போர்களையும் கோயிற் கட்டடங்களையும் ஆராய்ந்த அளவிற்கு, நாள்தோறும் சோறாக்கிய அடுப்பின் வரலாற்றை நாம் ஆராய்ந்தோமில்லை. அடுப்பிற்கு உணவு விறகு. அதனை வீட்டார் எங்ஙனம் பிளந்தனர், எங்ஙனம் காத்தனர், எங்ஙனம் அளந்தனர் என்னும் வினாக்கள் மூன்றும் தனித்தனியே நிற்பனபோல் தோன்றும். ஆயினும் அம்மூன்றையும் ஒன்றே இணைக்கின்றது. அது விறகினுள் உறையும் ஈரம். இதனை விளக்குதலே ஈண்டு நம் கருத்து.

முதற்கண் சொற்களை நோக்குவோம். அடுப்பெரிக்கும் மரத்திற்குத் தமிழில் ஒரு பெயரன்று, பல பெயர்கள் உள. உலர்ந்த சிறு குச்சி சுள்ளி, மெல்லிய கிளை விளார், பிளந்த துண்டு பிளாச்சு, கணுவும் முறுக்குமாய்ப் பிளவாது நிற்பது முருடு, எரிந்துகொண்டிருப்பது கொள்ளி. இப்பெயர்கள் மர வகையைக் குறியாமல், அம்மரம் தீப்பற்றும் இயல்பையும் பிளவுபடும் இயல்பையும் நிலையையுமே குறித்தல் நோக்கத்தக்கது. தீ மூட்டச் சுள்ளியும், சோறு கொதிக்கப் பிளாச்சும், நெடுநேரம் கனன்று கிடக்க முருடும் வேண்டப்பட்டன.

விறகு தேடுவோர் தொழிலும் மிகப் பழையது. புறநானூற்றின் 70 ஆம் பாட்டில், கிள்ளிவளவனைப் பாடிய கோவூர்கிழார், விறகு கொணரச் சென்றோர் எதிர்பாராது பொன் பெற்றாற்போன்ற தற்செயல் அன்று அவன் கொடை என்கின்றார். காட்டிற்குச் சென்று விறகு கொணர்தல் யாவரும் அறிந்த தொழிலாய் இருந்தமையாலன்றோ அஃது உவமைக்கு உதவிற்று? பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து விறகு விற்ற படலத்திலோ, இறைவனே விறகுச் சுமை தாங்கி மதுரைத் தெருவில் திரிகின்றான். இக்கதையில் வரும் வணிகம் தராசும் கடையும் சாராத, தலைச்சுமை வணிகமாகும்.

இனி அளவினை ஆராய்வோம். தொல்காப்பிய எழுத்ததிகார உரைகளில் அளத்தல் எழுவகை என வகுக்கப்பட்டுள்ளது. நிறுத்தளத்தல், பெய்தளத்தல், நீட்டியளத்தல், எண்ணியளத்தல் முதலியவற்றோடு சார்த்தியளத்தல் என ஒன்றும் அவ்வகுப்பில் உண்டு. ஒன்றனை மற்றொன்றனோடு ஒப்புவைத்து அளத்தலே அது. கட்டு, சுமை, வண்டி என்னும் விறகளவுகளை நாம் இவ்வகையுள் அடக்கலாம். கைகளால் அணைத்துக் கயிற்றால் இறுக்குமளவு கட்டு. தலையும் கழுத்தும் தாங்குமளவு சுமை. இரண்டு மாடுகள் இழுக்குமளவு வண்டி. மனித உடலும் மாட்டின் வலிமையுமே இங்கு அளவுகோல். இவ்வளவுகள் திட்டமானவை அல்ல எனலாம். ஆனால் வாங்கும் பெண், கட்டைக் கண்ணாற் கண்டே அஃது எத்தனை நாள் அடுப்பிற்கு வரும் என மதித்தாள். அவள் வேண்டியது நிறையன்று, நாட்கணக்கே.

பெருநகர் வளர்ந்தபோது இந்நிலை மாறிற்று. சென்னையிலிருந்து வடக்கு நோக்கி 1806 இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், 1877, 1878 ஆம் ஆண்டுகளின் பஞ்சகாலப் பணியால் விரிவுற்றுப் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. அதன்வழிப் படகுகளில் விறகு நகருக்கு வந்தது. 1856 ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புகைவண்டி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் கிளெகார்ன் என்பாரின் தலைமையில் வனத்துறை அமைந்தது. புகைவண்டியும் விறகுண்டது, நகர மக்களின் அடுப்பும் விறகுண்டது. கடற்கரை மணற்பாங்கில் சவுக்குத் தோப்புகள் பெருகியமைக்கு இவ்விரு தேவைகளும் காரணமாயின. நகரில் விறகுத் தொட்டிகள் எழுந்தன. ஆங்கே பெருந்தராசு தொங்கிற்று.

தொட்டியில் கட்டும் சுமையும் செல்லவில்லை. வீசையும் மணங்குமே வழங்கின. 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. 20 மணங்கு ஒரு பாரம். இன்றைய அளவில் மணங்கு ஏறத்தாழ 11 கிலோ. சுமை என்று பொருள்படும் பாரம் என்னும் சொல்லே இங்கு நிறைப் பெயராய் நிற்றல் காண்க.

நிறை நேர்மையான அளவு என்பது பொதுக் கருத்து. விறகைப் பொறுத்தவரை அது முற்றும் பொருந்தாது. பச்சை மரத்தின் எடையில் பாதியை ஒட்டிய பங்கு நீராக இருத்தல் உண்டு. 100 கிலோ விறகில் 45 கிலோ நீர் என்று கொள்வோம். எஞ்சிய மரப்பொருள் 55 கிலோ. அவ்விறகு, நீர் நூற்றுக்கு 15 பங்காகும்வரை உலர்ந்தால் ஏறத்தாழ 65 கிலோவே நிற்கும். ஆகவே ஈரவிறகை நிறுத்து வாங்கியவள் 35 கிலோ நீருக்கும் விறகு விலையே கொடுத்தாள். அவள் இழப்பு அவ்வளவில் முடிந்ததன்று. உலராமுன் எரித்தால், வெப்பத்தின் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்கவே கழிந்தது. எஞ்சியது புகை. ஊதுகுழலும் கையுமாய் அடுப்பின் முன் அமர்ந்து கண் எரிய இருமியவளும் அவளே.

இதற்கு வீடு கண்ட விடையே பிளத்தலும் சேமித்தலும். வெட்டுவாய் வெடித்துள்ளதா, பட்டை கழன்றுள்ளதா, இரு துண்டுகளைத் தட்டினால் ஓசை கணீரென்று எழுகின்றதா என்று பார்த்து வாங்கினர். கோடாலியும் ஆப்பும் கொண்டு இழையோட்டத்தின் வழியே பிளந்தனர். பிளந்த பரப்பு மிகுதலின் ஈரம் விரைந்து அகன்றது. கோடையில் முற்றத்தே காயவைத்து, ஐப்பசி மழைக்குமுன் அடுக்கினர். கறையான் ஏறாதிருக்கக் கல்மேல் கட்டை பரப்பி, அதன்மேல் காற்று ஊடுருவக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குதல் மரபு. அடைமழைக் காலத்திற்குரிய விறகு அடுப்பிற்கு மேலுள்ள பரணில் ஏறிற்று. கீழ் எழும் வெம்மையும் புகையும் அதனை மேலும் உலர்த்தின, பூச்சியையும் விலக்கின.

எனினும் இவ்விடை எல்லார்க்கும் எய்தவில்லை. மாதக்கணக்கிற்கு விறகு வாங்கிவைக்கப் பணமும் முற்றமும் வேண்டும். ஒற்றை அறையில் குடியிருந்து அன்றாடக் கூலியில் அன்றாடம் ஒரு வீசை, இரு வீசை வாங்கியோர், மழைக்காலத்தில் நனைந்த விறகையே நிறைவிலை கொடுத்து வாங்கினர். ஒரே தராசு செல்வர்க்கு ஒருவகையாகவும் வறியர்க்கு ஒருவகையாகவும் நிறுத்தது எனின் அது மிகையாகாது.

1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் கிலோகிராம் வழக்கிற்கு வந்து, மணங்கும் வீசையும் மெல்ல மறைந்தன. எடைக்கல் மாறிற்று, ஈரம் மாறவில்லை. பின்னர் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் நகர அடுப்புகளைக் கைப்பற்றின. ஊர்ப்புறத்தே விறகடுப்பு இன்னும் எரிகின்றது. ஆங்குக் கட்டும் சுமையும் இன்னும் வழங்குகின்றன.

இதுகாறும் கூறியவற்றால், பிளத்தலும் காத்தலும் அளத்தலும் ஈரம் என்னும் ஒன்றனைச் சுற்றியே அமைந்தன என்பதும், உடலோடு சார்த்திய பழைய அளவு பயனை நோக்கிற்று, நிறையளவோ பாரத்தை மட்டும் நோக்கிற்று என்பதும், அவ்வேறுபாட்டின் சுமையைத் தாங்கியவர் அடுப்பின் முன் இருந்த பெண்டிரே என்பதும் பெறப்படும். அளவைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் எடைக்கல்லோடு அமையாது, அடுக்களைப் பரணையும் ஏறிப் பார்த்தல் வேண்டும்.