நொடிப்பு நிலை: வீட்டில் எது மிஞ்சும், கூட்டுக் கடனை யார் கட்டுவது?

கடன் தலைக்கு மேல் போய்விட்டால் குடும்பத்தில் இரண்டு கேள்விகள் எழும். வீட்டில் இருக்கும் சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா என்பது ஒன்று. கணவர் கட்டாத கடனுக்கு மனைவியையும், அண்ணன் கட்டாத கடனுக்குத் தம்பியையும் பிடிப்பார்களா என்பது மற்றொன்று. சிங்கப்பூர்ச் சட்டத்தில் இரண்டுக்கும் விடை உண்டு. முதல் கேள்வியில் பயப்பட அதிகமில்லை. இரண்டாவது கேள்விக்கான விடை, யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

எப்போது நொடிப்பு?

2020 ஜூலை 30 முதல், தனிநபர் நொடிப்பும் நிறுவன நொடிப்பும் 2018ஆம் ஆண்டின் நொடிப்பு, மறுசீரமைப்பு, கலைப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. ஒருவரின் கடன் குறைந்தது 15,000 வெள்ளியாக இருந்து, அதை அவரால் கட்ட முடியாமல் போனால், கடன் கொடுத்தவர் உயர் நீதிமன்றத்தை நாடலாம். கடனாளரே முன்வந்து விண்ணப்பிக்கவும் முடியும். வழக்கமாக முதலில் சட்டபூர்வக் கோரிக்கைக் கடிதம் வரும். அது கிடைத்த 21 நாள்களுக்குள் பணம் கட்டவோ, உடன்பாடு காணவோ வேண்டும். கோரிக்கையை எதிர்த்து நீதிமன்றத்தை நாட வழக்கமாக 14 நாள்களே உண்டு. கடிதத்தைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டு வைப்பதுதான் பலருக்கும் பெரிய இழப்பாக முடிகிறது.

நீதிமன்றம் ஆணை பிறப்பித்ததும், நொடித்துப்போனவரின் சொத்துகளை நிர்வகிக்கும் பொறுப்பு சட்ட அமைச்சின்கீழ் இயங்கும் அதிகாரபூர்வ சொத்துப் பொறுப்பாளரிடமோ, தனியார் பொறுப்பாளர் ஒருவரிடமோ செல்லும். அதன் பிறகு, பிணை ஏதும் இல்லாத கடனைக் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதியின்றித் தனித்தனியாக வழக்குத் தொடர முடியாது.

கட்டிலும் அடுப்பும் போகுமா?

சட்டத்தின் 329ஆம் பிரிவு, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கக்கூடாத பொருள்களைச் சொல்கிறது. நொடித்துப்போனவரும் அவரது குடும்பத்தினரும் அடிப்படை வாழ்க்கை நடத்தத் தேவையான உடை, படுக்கை, மேசை நாற்காலி, வீட்டுச் சாதனங்கள், உணவுப் பொருள்கள் ஆகியவை அதில் அடங்கும். சோறு வடிக்கும் பானை, குளிர்பதனப் பெட்டி, பிள்ளை படிக்கும் மேசை போன்றவற்றை இந்த வரையறைக்குள் வைத்துப் பார்க்கலாம். ‘தேவையான’ என்ற சொல்தான் இங்கே முக்கியம். விலையுயர்ந்த கைக்கடிகாரமோ, கலைப்பொருளோ அடிப்படைத் தேவை ஆகாது.

பிழைப்புக்கு அவசியமான கருவிகள், புத்தகங்கள், வாகனங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. சிராங்கூன் சாலையில் ரவிக்கை தைப்பவருக்குத் தையல் இயந்திரம் தொழில் கருவி. ஆனால் கடையில் அடுக்கி வைத்திருக்கும் துணிமணிகள் விற்பனைச் சரக்கு. அது கருவிக் கணக்கில் வராது. தவணைக் கொள்முதலில் வாங்கிய வாகனம் இன்னும் நிதி நிறுவனத்துக்குச் சொந்தமானது. தவணை தவறினால் நிறுவனம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

தாலியும் நகையும்

நகை இந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. கணவர் நொடித்துப்போனால் மனைவிக்குச் சொந்தமான நகை அவருடையதாகவே இருக்கும். தாய்வீட்டுச் சீராக வந்தது, தன் சம்பளத்தில் வாங்கியது என்பதற்கு ரசீதோ படமோ இருந்தால் வாதத்துக்கு இடமில்லை. நொடித்துப்போனவர் மனைவியே என்றால், தம்மிடம் உள்ள நகைகளைச் சொத்து விவர அறிக்கையில் காட்ட வேண்டும். தாலியைப் பற்றிய கவலை இருந்தால் அதையும் பொறுப்பாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி விளக்கம் கேட்பதே வழி. அடகுக் கடையில் இருக்கும் நகை, கடனை மீட்கும்வரை அந்தக் கடைக்குப் பிணையாக இருக்கும்.

வீவக வீடும் மசே நிதியும்

வீவக வீட்டின் உரிமையாளர்களில் ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால், அந்த வீடு பொறுப்பாளரிடம் செல்வதில்லை. கடன் அட்டைக் கடனுக்காக வங்கி அதைப் பறிக்க முடியாது. உரிமையாளர்கள் அனைவரும் நிரந்தரவாசிகள் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்தியாவிலிருந்து வந்து நிரந்தரவாசம் பெற்று மறுவிற்பனை வீடு வாங்கியுள்ள தம்பதியர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக் கடன் வேறு கணக்கு. வீட்டையே பிணையாக வைத்துக் கடன் கொடுத்த கழகமோ வங்கியோ, மாதத் தவணை நின்றால் வீட்டின்மீது நடவடிக்கை எடுக்கலாம். வேறு எந்தக் கடனைக் கட்ட முடியாவிட்டாலும் வீட்டுத் தவணையைத் தவறவிடக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தனியார் வீட்டின் நிலை வேறு. அதில் நொடித்துப்போனவருக்கு உள்ள பங்கு பொறுப்பாளரிடம் போய்விடும். கூட்டு உரிமையாக இருந்த வீடு பங்கு பிரிந்ததாகிவிடும். உடன் உரிமையாளரின் பங்கு அவருக்கே இருந்தாலும், வீட்டை விற்க வேண்டிய நிலை வரலாம்.

மத்திய சேம நிதிக் கணக்கில் இருக்கும் பணத்தைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. அதை எடுத்து வங்கிக் கணக்கில் போட்ட பிறகும் அதே பாதுகாப்பு தொடரும் என்று எண்ணிவிடக்கூடாது.

கூட்டுக் கடனில் மீதி யாருக்கு?

மணமானவர் என்பதாலேயே ஒருவர் தம் துணையின் கடனுக்குப் பொறுப்பாவதில்லை. கணவர் தம் பெயரில் மட்டும் வாங்கிய கடனுக்கு, மனைவியிடம் பணம் கேட்க வங்கிக்கு உரிமை இல்லை.

இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால் கதை மாறும். ஓர் எடுத்துக்காட்டு: வீட்டைப் புதுப்பிக்க ஒரு தம்பதி 30,000 வெள்ளிக் கூட்டுக் கடன் வாங்குகின்றனர். கணவர் நொடித்துப்போகிறார். மனைவி பாதியை, அதாவது 15,000 வெள்ளியைக் கட்டினால் போதும் என்று பலர் நினைப்பார்கள். கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்பதாக ஒப்பந்தத்தில் இருந்தால், எஞ்சிய தொகை முழுவதையும் வங்கி மனைவியிடம் கேட்கலாம். கணவரின் நொடிப்பு மனைவியைக் காப்பாற்றாது. கணவர் பின்னாளில் நொடிப்பிலிருந்து விடுபட்டாலும், மனைவியின் பொறுப்பு அதனால் நீங்காது.

நண்பருக்கோ உறவினருக்கோ உத்தரவாதக் கையெழுத்துப் போட்டவருக்கும் இதே நிலைதான். ‘பேருக்குத்தான் கையெழுத்து’ என்ற பேச்சு நீதிமன்றத்தில் செல்லாது. துணை அட்டை வைத்திருப்பவர்கள், அட்டை ஒப்பந்தத்தில் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது எனப் பார்ப்பது நல்லது. கூட்டு வங்கிக் கணக்கு இருந்தால், அதில் யாருடைய சம்பளம் எவ்வளவு வந்தது என்பதற்கான ஆவணங்களைத் திரட்டி வைக்க வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் இருவர் மூவர் கூட்டாகக் கடை நடத்துவது புதிதல்ல. சாதாரணப் பங்காளி வணிகமாகப் பதிந்திருந்தால், வணிகத்தின் கடனுக்குப் பங்காளிகள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்தும் பதில் சொல்ல வேண்டும். ஒரு பங்காளி நொடித்துப்போனால், வேறு ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி, அந்த வணிகக் கூட்டே கலைந்துவிடும்.

சொந்தக்காரருக்கு முதலில் கட்டலாமா?

நொடிப்பு வரும் என்று தெரிந்ததும் நகையைத் தங்கை பெயருக்கு மாற்றுவது, மைத்துனரின் கடனை மட்டும் முதலில் அடைப்பது போன்றவை ஆபத்தானவை. நொடிப்பு விண்ணப்பத்துக்கு முந்தைய 3 ஆண்டுகளில் இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ கைமாறிய சொத்தைப் பொறுப்பாளர் மீட்க முயலலாம். மற்றவர்களை விட்டுவிட்டு உறவினருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுத்திருந்தால், முந்தைய 2 ஆண்டுகள் வரை ஆராயப்படலாம். உதவ நினைத்த உறவினரே வழக்கில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

அன்றாட வாழ்க்கை

நொடித்துப்போனவர் அனுமதி பெறாமல் வெளிநாடு செல்ல முடியாது. ஊரில் துக்கம் என்றாலும் விமானம் ஏறுமுன் அனுமதி வாங்க வேண்டும். தம் நிலையைச் சொல்லாமல் 1,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் கடன் வாங்கக்கூடாது. நீதிமன்ற அனுமதியோ பொறுப்பாளரின் அனுமதியோ இன்றி நிறுவன இயக்குநராக இருக்க முடியாது. நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருக்க இயலாது. பாட்டாளிக் கட்சியின் முன்னாள் தலைமைச் செயலாளர் ஜே.பி. ஜெயரத்னம், அவதூறு வழக்குத் தொகையைக் கட்டுவதில் ஏற்பட்ட தவறினால் 2001ஆம் ஆண்டு நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டு, நாடாளுமன்ற இடத்தை இழந்தார். கடனைத் தீர்த்து அவர் அதிலிருந்து விடுபட்டது 2007ஆம் ஆண்டில்.

மாதந்தோறும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது வருமானத்தையும் குடும்பத்தின் நியாயமான செலவையும் வைத்து முடிவாகும். பள்ளிச் செலவு, மருத்துவச் செலவு, முதிய பெற்றோருக்கான செலவு ஆகியவற்றை ஆதாரத்துடன் காட்டலாம். முதன்முறை நொடித்துப்போனவருக்கு 52 மாதத் தொகையும், மீண்டும் அந்த நிலைக்கு வந்தவருக்கு 76 மாதத் தொகையும் இலக்காகக் கணக்கிடப்படும். முதன்முறையாளர் இலக்கை எட்டினால் 3 ஆண்டுகளுக்குப் பிறகு விடுவிக்கப்படத் தகுதி பெறலாம். நீதிமன்ற அபராதமும் மோசடியால் வந்த கடனும் விடுவிப்போடு மறைந்துவிடுவதில்லை.

நொடிப்புக்கு முன்பே

எல்லாக் கடனும் நொடிப்பில் முடிய வேண்டியதில்லை. பிணையற்ற கடன் 150,000 வெள்ளிக்கு மேற்படாமல், நிலையான வருமானமும் இருந்தால், நொடிப்பு விண்ணப்பத்தை விசாரிக்கும் நீதிமன்றம் அவரைக் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்குப் பரிந்துரைக்கலாம். 2009ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திட்டத்தில் 5 ஆண்டுகள்வரை தவணை கட்டலாம். நொடித்துப்போனவர் என்ற பெயரும் வராது.

வங்கிக் கடன், கடன் அட்டைக் கடன் ஆகியவற்றை ஒரே தவணையாக மாற்றப் பேசித் தீர்க்க ‘கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்’ அமைப்பு உதவுகிறது. பீட்டி சாலையில் உள்ள சிண்டாவையும், வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தையும் தமிழர்கள் நாடலாம். உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டவும் கூடாது. உரிமமின்றி வட்டிக்கு விடுவோர் கொடுத்த கடனை நீதிமன்றத்தின் வழி வசூலிக்க முடியாது. அவர்கள் மிரட்டினால் காவல்துறையிடம் செல்ல வேண்டும்.

உதவி தேடிச் செல்லும்போது மூன்று பட்டியல்களைக் கொண்டுபோனால் வேலை எளிதாகும். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் கடனில் யார் யார் கையெழுத்து, குடும்பத்தின் மாதச் செலவு எவ்வளவு என்பவையே அவை. இரண்டாவது பட்டியலை எழுதும்போது, கையெழுத்துப் போட்ட மனைவியோ தம்பியோ நண்பரோ பக்கத்தில் இருப்பது நல்லது. வங்கியிலிருந்து கடிதம் வந்த பிறகு அவர்களுக்குத் தெரியவந்தால், ஆலோசனை பெறும் நாள்கள் அவர்களுக்குக் குறைந்துபோயிருக்கும்.