கள்ளுக்கு வரைபடம் இல்லை

மது வகைகளை ஊர் ஊராகத் தேடிப்போய் எழுதுகிறவர்கள் கையில் எப்போதும் ஒரு வரைபடம் இருக்கும். பிரான்சின் கொன்யாக் பகுதிக்கு அரசு எல்லை வகுத்தது 1909-ல். அதே 1909-ல்தான் ஜொகூர் மாநிலத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ரயில் பாதை ஜொகூர் பாரு வந்து சேர்ந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று பாதையை ஒட்டிய காடுகள் அழிந்து ரப்பர் ஏறியது. பால் வெட்டத் தமிழர்கள் வந்தார்கள். கூடவே கள்ளுக்கடையும் வந்தது. அதை எந்த மது வரைபடத்திலும் பார்க்க முடியாது.

குடியை வைத்து வருமானம் பார்ப்பது ஜொகூருக்குப் புதிதல்ல. ரப்பருக்கு முன்னால் இங்கே மிளகும் காம்பீரும் பயிரிட்ட சீனர்களுக்கு அபினும் சாராயமும் விற்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டிருந்தது. கஜானாவின் பெரும் வரவுகளில் அதுவும் ஒன்று. கூலியாகக் கொடுத்த காசு போதையின் வழியாகத் திரும்பி வரும் என்ற கணக்கு அப்போதே போட்டாச்சு.

கள்ளுக்கு ஏன் வரைபடம் இல்லை? ஒரு காரணம் கள்ளிலேயே இருக்கிறது. தென்னம்பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால், சொட்டு விழும்போதே புளிப்பும் ஆரம்பித்துவிடும். காலையில் இனிப்பு, மாலையில் கடுப்பு, விட்டுவைத்தால் காடி. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் நிறுத்தலாம், ஆனால் அப்புறம் அது கள் இல்லை. வைன் இருபது வருஷம் பாதாள அறையில் தூங்கும், கப்பலேறி லண்டன் போகும். கள் அடுத்த ஊருக்குப் போவதே பெரிய பாடு. இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே குடித்தாக வேண்டும். அதனால் அதற்கு வியாபாரப் பெயரும் வரவில்லை, ஆண்டுக்கணக்கும் வரவில்லை.

இன்னொரு காரணம், கள்ளைக் குடித்தது யார் என்பது. மலாயாத் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தது. பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவன் லயத்துக்குப் போகும் வழியில் ஒரு மங்கு ஊத்திக்கொள்வான். வெளியே போய்ச் சம்சு குடிப்பதைவிட இது பரவாயில்லை என்பது துரைமார் சொன்ன நியாயம். கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கான நிதியில் சேர்க்கும் ஏற்பாடும் இருந்தது. அதாவது, அவன் நலனுக்கு அவனே குடித்துப் பணம் கட்ட வேண்டும்!

இந்தக் கணக்கைத் தொழிலாளர்கள் புரிந்துகொண்டார்கள். 1941-ல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், துரைக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் நாடு கடத்தப்பட்டார், போராட்டம் நசுக்கப்பட்டது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடை மறியலில் பெண்களும் நின்றார்கள். 1947-ல் பீடோங்கில் போலீசோடு மோதல் வந்தது.

இதை வெறும் மதுவிலக்கு ஒழுக்கமாகப் படித்தால் தப்பாகிவிடும். சைக்கிளும் கள்ளும் ஒரே பட்டியலில் ஏன் வந்தன? இரண்டுமே மரியாதை பற்றியவை. நல்ல கள் கொடு என்று யாரும் கேட்கவில்லை. முதலாளியே கடை திறக்கும் இடத்தில், ருசியைப் பற்றிப் பேச மனசு வராது.

கொன்யாக் பகுதியிலிருந்து ஒருவர் மலாயாவுக்கு வந்திருக்கிறார். பார்பெசியூ ஊரில் பிறந்த ஆன்ரி ஃபோகொனியே. 1917-ல் சிலாங்கூரில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டவர் அவர்தான். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-ல் கோன்கூர் பரிசும் வாங்கினார்.

அவர் தொடங்கிய செம்பனைதான் பின்னாளில் ஜொகூரின் ரப்பரை விழுங்கியது. தோட்டங்கள் மாறின, லயங்கள் காலியாகின, கள்ளுக்கடைகளும் கூடவே போயின. ஆப்பிரிக்காவில் இதே செம்பனையில் கள் இறக்குகிறார்கள். ஜொகூரில் அதிலிருந்து எண்ணெய் மட்டும்தான் எடுக்கிறார்கள்.