கண்ணாடிக்கு இருபுறம்: குடும்பச் சிகிச்சைப் பயிற்சியின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உளச்சிகிச்சை கற்க வந்த மருத்துவருக்கு, ஆசிரியர் நோயாளியோடு பேசுவதை நேரில் காணும் வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. சிக்மண்ட் ஃப்ராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வு மரபில் சிகிச்சை அறை இருவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மூன்றாமவர் நுழைந்தால் நோயாளி மனம் திறக்கமாட்டார் என்று அம்மரபினர் உறுதியாக நம்பினர். ஆகவே மாணவர் தாம் நடத்திய அமர்வை நினைவிலிருந்தோ குறிப்புகளிலிருந்தோ பின்னர் மேற்பார்வையாளரிடம் எடுத்துரைப்பார். அவரும் கேட்டதை வைத்தே திருத்தம் சொல்வார். மாணவர் கவனிக்கத் தவறியது மேற்பார்வையாளரின் காதுக்கும் எட்டாது என்பதே இம்முறையின் பெருங்குறை. ஒருவரோடு மட்டும் பேசும் சிகிச்சையில் இக்குறை ஓரளவு பொறுக்கத்தக்கதே. ஆனால் தாய், தந்தை, பிள்ளைகள் எனப் பலரும் ஒரே நேரத்தில் பேசியும், பிறர் பேச்சை மறித்தும், முகத்தைத் திருப்பிக்கொண்டும் அமர்ந்திருக்கும் அறையில் அது பயிற்சியையே பயனற்றதாக்கிவிடும்.

குடும்பச் சிகிச்சை அத்தகைய அறையைத்தான் தன் களமாகக் கொண்டது. கலிபோர்னியாவில் மானிடவியலாளர் கிரெகரி பேட்சனும் அவருடைய குழுவினரும் 1956-இல் வெளியிட்ட மனச்சிதைவு பற்றிய கட்டுரை, நோயின் வேரை ஒருவருடைய மனத்துக்குள் மட்டும் தேடாமல், குடும்பத்தார் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையில் தேடியது. அக்கட்டுரை தாய்மார் மீது ஏற்றிய பழியைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. எனினும் அது முன்வைத்த நோக்கு நிலைத்தது. ஓர் உறுப்பினரிடம் நேரும் மாற்றம் மற்றவர்களை அசைக்கும், அந்த அசைவு திரும்பி வந்து முதலாமவரையே மாற்றும் என்று குடும்பத்தை ஒரு முழுமையாகக் காண்பதையே முறைமை நோக்கு என்பர். அந்த அசைவுகளைக் காண்பதற்குத் துணைபுரிந்த கருவி ஒருவழிக் கண்ணாடி. வெளிச்சமுள்ள அறையிலிருப்போருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகவும், அடுத்த இருட்டறையிலிருப்போருக்குச் சன்னலாகவும் அமையும் இதனை ஆர்னல்டு கெசெல் குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார். பெர்க்லியில் சார்லஸ் ஃபுல்வைலர் குடும்பங்களை இவ்வாறு மறைந்திருந்து கவனித்து, வேண்டியபோது உள்ளே சென்று குறுக்கிட்டார்.

இக்கருவி முழுமையான பயிற்சி முறையாக வளர்ந்த இடம் பிலடெல்பியா. அர்ஜென்டினாவில் பிறந்த சால்வடோர் மினூச்சின், நியூயார்க்கில் சட்டத்தோடு மோதிய ஏழைச் சிறுவர்களின் குடும்பங்களோடு பணியாற்றிய பின், 1965-இல் பிலடெல்பியா குழந்தை வழிகாட்டு நிலையத்தின் இயக்குநரானார். பேட்சன் குழுவிலிருந்த ஜே ஹேலி 1967-இல் அவரோடு சேர்ந்தார். இவ்விருவரும் பிராலியோ மொண்டால்வோவும் நாள்தோறும் ஒரே காரில் பணிக்குச் சென்று திரும்புகையில் வழிநெடுகப் பேசியவற்றிலிருந்தே பயிற்சிமுறையின் பெரும்பகுதி உருவாயிற்று என்பர். 1969-இல் அவர்கள் தொடங்கிய திட்டம் துணிச்சலானது: கருப்பின மக்கள் வாழும் ஏழ்மையான பகுதிகளிலிருந்து, உளவியல் பட்டம் எதுவும் பெறாதவர்களைத் தேர்ந்து குடும்பச் சிகிச்சையாளர்களாக்குவது. பழைய கோட்பாடுகளைக் கற்காதவருக்கு மறக்க வேண்டியதும் குறைவு என்பது ஹேலியின் வாதம். ஏட்டறிவை முதற்படியாகக் கொள்ள இயலாத இம்மாணவர்கள் செய்து கற்க வேண்டியிருந்தது; செய்கையில் தவறினால் குடும்பம் துன்புறும் என்பதால் அத்தவறு நேரும் கணத்திலேயே திருத்தப்பட வேண்டியிருந்தது.

இந்தத் தேவையிலிருந்து பிறந்ததே நேரடி மேற்பார்வை. மாணவர் குடும்பத்தோடு அமர்ந்திருக்க, கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர் இருப்பார். தேவையானால் தொலைபேசியில் அழைத்துச் சுருக்கமாக ஓர் ஆலோசனை சொல்வார், அல்லது மாணவரை வெளியே அழைப்பார், சிலவேளை தாமே உள்ளே நுழைவார். எப்போது அழைக்கலாம், மாணவர் எப்போது தாமாக எழுந்து வந்து கேட்கலாம் என்பன போன்ற உடன்பாடுகளை மொண்டால்வோ 1973-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வகுத்தளித்தார். இம்முறை மாணவரை ஆசிரியரின் கைப்பாவையாக்கிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. அதனால்தான் அந்த உடன்பாடுகள் தேவைப்பட்டன. பட்டமும் உரிமமும் பெற்றவர்களின் தொழிலாகக் குடும்பச் சிகிச்சை பின்னாளில் உறுதிப்பட்டபோது, பட்டமில்லாதவர்களுக்கென வகுத்த கருவியைப் பட்டதாரிகளின் பாடத்திட்டங்கள் எடுத்துக்கொண்டன. அந்த மனிதர்களுக்கோ அவற்றில் இடம் குறைந்தது.

ஐரோப்பாவிலும் இக்கண்ணாடி பயன்பட்டது. இத்தாலியின் மிலான் நகரில் மாரா செல்வினி பலாட்சோலியின் குழுவில், சிகிச்சையாளர்கள் இருவர் குடும்பத்தோடு அமர, மற்ற இருவர் கண்ணாடிக்குப் பின்னிருந்து கவனித்தனர். அக்குழுவிலிருந்து பிரிந்து பயிற்சியளிப்பதில் முனைந்த லூயிஜி போஸ்கோலோவும் ஜியான்ஃபிராங்கோ செக்கினும், கவனிப்பவரும் கவனிக்கப்படும் முறைமையின் ஒரு பகுதியே என்ற கருத்தை வலியுறுத்தினர்.

அக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர், நார்வேயின் வடபகுதி நகரான டிரொம்சோவில் பணியாற்றிய மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சன். 1985 மார்ச்சில், துயரத்தில் ஆழ்ந்த ஒரு குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்த இளம் மருத்துவரை, கண்ணாடிக்குப் பின்னிருந்த குழுவினர் மீண்டும் மீண்டும் வெளியே அழைத்து நம்பிக்கையூட்டும் கேள்விகளைச் சொல்லி அனுப்பியும், அவர் உள்ளே சென்றதும் அதே அவநம்பிக்கையில் அமிழ்ந்தார். இறுதியில் குழுவினர் தாங்கள் பேசுவதைக் கேட்கக் குடும்பத்தார் விரும்புகிறார்களா என்று வினவி, இசைவு பெற்று, இரு அறைகளின் விளக்கையும் ஒலியமைப்பையும் மாற்றினர். இருட்டறை வெளிச்சமாயிற்று, குடும்பம் பார்வையாளராயிற்று. மறைவில் பேசுகையில் நாவில் எளிதாக வந்த கடுஞ்சொற்கள் குடும்பத்தார் முன்னிலையில் எழவில்லை என்பதே ஆண்டர்சன் கண்ட பெரும் பயன். 1987-இல் அவர் இதனை விரித்தெழுதிய பின், மாணவர்கள் சிகிச்சையாளராக மட்டுமன்றிக் குடும்பத்தார் கேட்கத்தக்க முறையில் பேசும் குழுவினராகவும் பயிற்சி பெறலாயினர்.

இப்பயிற்சி மனநலத் துறைக்கு வெளியே பரவியதற்கு, கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் லொரெய்ன் ரைட் தலைமையில் 1982-இல் தொடங்கிய குடும்பச் செவிலியப் பிரிவு தக்க சான்று. அங்கே முதுநிலைச் செவிலிய மாணவர்கள், நோயால் அல்லலுறும் குடும்பங்களைக் கண்ணாடிக்குப் பின்னிருக்கும் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சந்தித்தனர். ஆயினும் மருத்துவமனைக் கூடத்தில் ஓடியாடும் செவிலியருக்குக் கண்ணாடியறையும் ஒருமணிநேர அமர்வும் வாய்ப்பதில்லை. ஆகவே ரைட்டும் மோரீன் லேஹியும் பதினைந்து நிமிடத்திற்குள் நடத்தத்தக்க குடும்ப நேர்காணலை 1999-இல் வகுத்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் போன்ற இந்திய நிறுவனங்களில், 1950-களிலிருந்தே உறவினர் நோயாளியோடு தங்கினர் என்பதை எண்ணினால், குடும்பத்தைக் கூட்டிவர அரும்பாடுபட்ட மேலைநாட்டாரின் பாடத்திட்டத்தை இங்கே அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயமில்லை. கால்கரிப் பிரிவு 2007-இல் மூடப்பட்டது. ரைட்டும் லேஹியும் வகுத்த குறுநேர்காணல் இன்றும் செவிலியர்க்குக் கற்பிக்கப்படுகிறது.