யானை மருத்துவம் பிறந்த கதை

காட்டில் திரியும் யானைக்கு வைத்தியர் இல்லை. பசிக்குத் தழையையும் வெம்மைக்குச் சேற்றையும் அதுவே தேடிக்கொள்ளும். மனிதன் அதைப் பிடித்துக் கட்டிய பின்னரே யானை மருத்துவம் என்றொரு கலை தோன்றிற்று. நம் நாட்டுப் பழங்கதையும் இதையே உணர்த்துகிறது.

இன்றைய பீகாரில், பாகல்பூரை அடுத்து, அங்க நாட்டின் தலைநகரான சம்பை இருந்தது. பயிரை அழித்த காட்டு யானைகளை அந்நாட்டு மன்னன் உரோமபாதன் பிடித்துவரச் செய்தான். அவற்றோடு காட்டில் வாழ்ந்த பாலகாப்பிய முனிவர் அவற்றைத் தேடி நகருக்கு வந்தார். அரசனிடம் செல்லவில்லை; நேரே யானைகளிடம் சென்று அவற்றின் புண்களுக்கு மருந்திட்டார். பின்னர் அரசன் வினவ, முனிவர் விடை பகர்ந்தார். அவ்வுரையாடலாக அமைந்ததே 'ஹஸ்த்யாயுர்வேதம்' என்னும் வடமொழி நூல். பெருநோய், சிறுநோய், அறுவை மருத்துவம் ஆகியவற்றை முதல் மூன்று பகுதிகளும், உணவு, மருந்து முதலியவற்றை நான்காம் பகுதியும் விளக்குகின்றன.

கதை இவ்வாறிருக்க, அரசியல் நூலாகிய அர்த்தசாஸ்திரம் இதனைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. நெடுவழி நடந்தும், நோயாலும், உழைப்பாலும், மதத்தாலும், மூப்பாலும் வருந்தும் யானைகளுக்கு வைத்தியர் சிகிச்சை செய்ய வேண்டும். கொட்டில் அசுத்தமாயிருப்பதும், தீனி கொடாமையும், வெறுந்தரையில் படுக்கவைப்பதும், தகாத இடத்தில் அடிப்பதும் பணியாளரின் ஊதியத்தைக் குறைக்கத்தக்க குற்றங்கள்.

அஸ்ஸாமில் ஆகோம் மன்னன் சிவசிங்கன் காலத்தில், 1734-ஆம் ஆண்டில், சுகுமார் பர்காயத் 'ஹஸ்தி வித்யார்ணவம்' இயற்றினார். யானைகளின் இலக்கணமும் பராமரிப்பும் சிகிச்சையும் வண்ண ஓவியங்களுடன் அந்நூலில் இடம்பெற்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் படைக்கும் மரவேலைக்கும் யானை தேவைப்பட்டது. பின்னர் பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவரான ஸ்டீல் எழுதிய யானை நோய் நூல் 1885-இல் சென்னையில் வெளிவந்தது.

இந்த நெடிய மரபில் நம்மவர் ஒருவருக்கும் இடமுண்டு. தமிழக வனத்துறையின் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி, முதுமலை முகாமில் யானைகளுக்குச் சிகிச்சை செய்ததோடு, இறந்த காட்டு யானைகளையும் அறுத்துச் சோதித்து, மரணத்தின் காரணத்தைக் கண்டறிய முற்பட்டார். 2002-இல் அவர் மறைந்தார்.

இன்று மயக்க ஊசியும் நுண்கிருமி எதிர்ப்பு மருந்தும் உள்ளன. எனினும், கல்தரையில் நாள் முழுதும் நிற்கும் யானையின் பாதம் புண்படுகிறது. நடை குன்றிய உடல் நலிகிறது. இவற்றுக்கு மருந்து மட்டும் போதாது. மண்தரையும் நீரும் நடையும் வேண்டும். இவற்றை அளிப்பது யானைக்கு நாம் செய்யும் தருமம் அன்று. காட்டிலிருந்து அதைப் பிரித்ததற்காக நாம் தீர்க்க வேண்டிய கடன்.