பேச்சிழப்பும் வீட்டுப் பேச்சுப் பயிற்சியும்

பேச்சிழப்பு அல்லது அஃபேசியா என்பது மூளையின் மொழிப் பகுதிகள் பாதிக்கப்படுவதால் பேசுதல், புரிந்துகொள்ளுதல், படித்தல், எழுதுதல் ஆகிய திறன்கள் குறைவுபடும் நிலை ஆகும். பெரும்பாலும் மூளையின் இடப்பாகத்தைத் தாக்கும் பக்கவாதத்தால் இது உண்டாகிறது. இதில் குறைவது மொழித்திறனே. அறிவு மழுங்கிவிட்டதாகக் கருதுவது தவறாகும். சிகிச்சையாளருடன் செலவிடும் நேரம் பொதுவாகக் குறைவு என்பதால் பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில் நடைபெற வேண்டியுள்ளது. அதை இடைவிடாது தொடர்வதே கடினமானது.

பயிற்சியின் அளவு

ஜெர்மனியில் 156 பேரிடம் நடத்தப்பட்டு 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வாரத்திற்கு 10 மணிநேரத்திற்குக் குறையாமல் 3 வாரங்கள் சிகிச்சை பெற்றவர்களின் பேச்சு மேம்பட்டது. இவர்கள் பக்கவாதம் ஏற்பட்டு 6 மாதங்களைக் கடந்தவர்கள். எனவே காலம் கடந்துவிட்டது எனப் பயிற்சியைக் கைவிடத் தேவையில்லை. ஆயினும், 57 ஆய்வுகளைத் தொகுத்த 2016 ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, கடுமையான பயிற்சித் திட்டங்களிலிருந்து இடையில் விலகியோர் மிகுதி என்பதையும் சுட்டியது.

தடைகள்

சோர்வு, மனச்சோர்வு, வலக்கை வலுவின்மை ஆகியன பயிற்சிக்குத் தடையாகின்றன. பயிற்சிக் குறிப்புகள் எழுத்தில் தரப்படுவதும் ஒரு தடையே. படிக்க இயலாதவருக்கு அத்தாளால் பயனில்லை. குடும்பத்தார் ஆசிரியராக மாறி "இது என்ன?" என்று ஓயாது வினவுவதும், குழந்தைகளுக்கான படப் புத்தகங்களைக் காட்டுவதும் முதியவரின் மனத்தைப் புண்படுத்தும். அவர் பயிற்சியை வெறுப்பதைச் சோம்பல் எனக் கொள்ளலாகாது.

உதவும் முறைகள்

ஒரே அமர்வில் நெடுநேரம் பயில்வதைவிட, காலைக் காப்பிக்குப் பின் என்பது போல அன்றாடச் செயலொன்றுடன் இணைத்துச் சிறிது நேரம் பயில்வது தொடர்வதற்கு எளிது. பேரக்குழந்தைகளின் பெயர்கள், தெருவின் பெயர், விரும்பும் உணவு என அவருக்குத் தேவையான சொற்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபடுவதால், "தண்ணீர்" என்பதைவிட வீட்டில் வழங்கும் "தண்ணி" என்பதைப் பயில்வதே பொருத்தம். சொல் வராதபோது உடனே சொல்லிக் கொடுக்காமல் சற்றுக் காத்திருந்து, பின்னர் முதல் ஒலியை மட்டும் தரலாம். காய்ச்சலோ உறக்கமின்மையோ உள்ள நாளில் பயிற்சியை விட்டுவிடுவதில் தவறில்லை. சிகிச்சையாளர் அவ்வப்போது முன்னேற்றத்தைக் கண்டு சொற்களை மாற்றித் தருதல் வேண்டும்.

பயிற்சியும் உரையாடலும்

பிரித்தானியாவில் 278 பேர் பங்குகொண்டு 2019 ஆம் ஆண்டில் வெளியான பிக் காக்டஸ் ஆய்வில், ஒரு குழுவினர் தாமே தேர்ந்த 100 சொற்களை 6 மாதங்கள் கணினி வழியாக வீட்டில் பயின்றனர். அவர்கள் சராசரியாக ஏறத்தாழ 28 மணிநேரம் பயின்றனர். அச்சொற்களை நினைவுகூரும் திறன் தெளிவாக உயர்ந்தது. ஆனால் உரையாடல் மேம்படவில்லை. ஆகவே பயின்ற சொல்லைப் பயன்படுத்தும் வாய்ப்பையும் குடும்பத்தார் உருவாக்க வேண்டியுள்ளது. காய்கறிப் பெயர்களைப் பயின்றவரைக் கடைக்கு அழைத்துச் சென்று, உடன் சென்றவர் முந்திக்கொள்ளாமல் அவரையே கேட்டு வாங்கச் செய்வது அத்தகைய ஒரு வாய்ப்பு ஆகும்.