பொத்தான் போய்த் திரை வந்த கதை



'டேஷ்போர்டு' என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். 'முகப்புப் பலகை' எனலாம் என்றேன். அவன் நிறைவோடு போய்விட்டான். எனக்குத்தான் அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்னும் ஆவல் தொற்றிக்கொண்டது. தேடிப் படித்தவற்றுள் நமக்குப் பயன்படுவனவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட மகிழுந்தை ஓட்டி வருபவர்கள் நாம் அனைவருந்தானே!

அச்சொல் குதிரை வண்டிக் காலத்தது. ஓடும் குதிரையின் குளம்புகள் வாரியிறைக்கும் சேறும் சரளையும் வண்டியில் இருப்பவர் மேல் படாமல் இருக்க, முன்புறத்தில் மரத்தாலோ தோலாலோ ஒரு தடுப்பு வைத்தார்கள். வாரியடிப்பதைத் தடுக்கும் பலகை என்பதே பெயரின் பொருள். 1886 ஆம் ஆண்டு கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர இயந்திர வண்டிக்குக் காப்புரிமை பெற்றபோது குதிரைக்கு வேலையில்லாமற் போயிற்று. ஆனால் பின்வந்த மகிழுந்துகளில் பலகை மட்டும் நிலைத்துவிட்டது. இயந்திரத்தின் வெப்பத்தையும் எண்ணெய்யையும் தடுக்க அது உதவிற்று. பிறகு வேகமானி, எண்ணெய்மானி முதலியவற்றைப் பொருத்த அதைவிட வசதியான இடம் வேறில்லை என்று கண்டார்கள். சேற்றைத் தடுக்க வந்தது செய்தி சொல்லும் பலகையாயிற்று.

தொடக்கக் காலத்து மகிழுந்துகளை இன்று நம்மிடம் கொடுத்தால் ஓட்ட இயலுமா? 1908 ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' வண்டியைப் பாருங்கள். காலடியில் மூன்று மிதிகள் இருந்தன. வலப்புற மிதி பிரேக், நடுமிதி பின்னோக்கிச் செல்ல, இடமிதி கியருக்கு. முடுக்கி காலடியிலேயே இல்லை! திசைமாற்றுத் தண்டின் வலப்பக்கத்தில் சிறு நெம்புகோலாக அது கையில் இருந்தது. இன்று வலக்காலால் முடுக்கியை மிதிக்கும் பழக்கமுடையவர் அதில் ஏறி அமர்ந்தால், வேகத்தைக் கூட்ட நினைத்து வண்டியை நிறுத்திவிடுவார். அந்த வண்டி 1927 வரை உற்பத்தியில் இருந்தது. (ஃபோர்டு நிறுவனம் 1926 ஆம் ஆண்டே சிங்கப்பூரில் தன் மலாயாக் கிளையைத் தொடங்கிவிட்டது. புக்கிட் தீமாவில் அது 1941 இல் திறந்த தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். அக்கட்டடம் இன்று அரும்பொருளகம். பள்ளிச் சுற்றுலாவுக்குச் சிங்கப்பூர் செல்வோர் பார்த்திருப்பீர்கள்.)

கிளட்ச், பிரேக், முடுக்கி என்று இடமிருந்து வலமாக நாமறிந்த வரிசை 1916 ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டி ஒன்றில் அமைந்தது. 1922 இல் வந்த 'ஆஸ்டின் 7' என்னும் சிறிய ஆங்கிலேய வண்டியால் அது எங்கும் பரவிற்று. யாரும் சட்டம் போட்டுக் கொண்டுவந்ததன்று. ஆனாலும் அதன்பின், ஒரு வண்டியில் பழகிய கால் மற்றொரு வண்டியிலும் தடுமாறாமல் வேலை செய்தது. கண் சாலையிலேயே இருந்தது.

கைக்கும் அத்தகைய உறுதி வேண்டும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது வானூர்திகளிடமிருந்து. இப்பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு வானூர்திகளில் விந்தையான விபத்துகள் நேர்ந்துகொண்டிருந்தன. பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும் வானூர்தியின் சக்கரங்கள் திடீரென உள்ளே மடங்கிவிடும். வானூர்தி வயிற்றால் தரையில் தேய்ந்து சிதையும். ஓட்டியவரின் தவறு என்றே அறிக்கைகள் எழுதப்பட்டன. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்னும் இளம் உளவியலறிஞர் ஓட்டுநர் அறைக்குள் போய்ப் பார்த்தார். இறக்கைத் தகடுகளை மடக்கும் விசையும் சக்கரங்களை மடக்கும் விசையும் அருகருகே, ஒரே மாதிரியாக இருந்தன! தரையிறங்கியதும் தகடுகளை மடக்க வேண்டும்; களைத்துப்போன கை பக்கத்து விசையைத் தட்டிவிடுகிறது. விசைகள் வேறு வகையாக அமைந்த சி-47 வானூர்தியில் இத்தகைய விபத்து இல்லை. சப்பானிஸ் சொன்ன தீர்வு எளியது. சக்கர விசையின் முனையில் சிறிய ரப்பர்ச் சக்கரம். தகட்டு விசையின் முனையில் தகட்டு வடிவம். தொட்ட விரலுக்கே எது எதுவென்று தெரிந்துவிடும். பயணிகள் வானூர்திகளில் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவில் இருக்க வேண்டுமென்பது இன்றும் விதி.

போர் முடிந்தபின், 1947 இல், பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்னும் இருவர் இத்தகைய 460 பிழைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். பலர் ஒரே வகைப் பிழையைச் செய்தார்களென்றால் அமைப்பையும் ஐயுற வேண்டும் என்பது அவர்கள் ஆய்விலிருந்து தெளிவாயிற்று. வகுப்பில் முப்பது பேரில் இருபது பேர் ஒரே வினாவில் தவறினால் நாம் முதலில் வினாத்தாளைத்தானே எடுத்துப் பார்க்கிறோம்?

மகிழுந்து நிறுவனங்கள் இதை உடனே காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஐம்பதுகளில் டெட்ராய்ட் நகரத்தாருக்குப் புதுமை மோகம் தலைக்கேறியிருந்தது. 1958 ஆம் ஆண்டு மாதிரியாக வந்த 'எட்சல்' வண்டியில் கியர் மாற்றும் பொத்தான்களைத் திசைமாற்றுச் சக்கரத்தின் நடுவிலேயே வைத்தார்கள். வழக்கமாக ஒலிப்பான் இருக்கும் இடம் அது! அவ்வமைப்பு ஓராண்டுக்குமேல் தாங்கவில்லை. வேறு சில வண்டிகளின் தானியங்கிக் கியரில் முன்னோக்கிய தாழ்கியரும் பின்னோக்கும் கியரும் ஒட்டியவாறே இருந்தன. கை சற்று நழுவினால் முன்னே போக வேண்டிய வண்டி பின்னே வரும். ரால்ஃப் நேடர் 1965 இல் வெளியிட்ட நூலில் இவற்றையெல்லாம் சாடினார். மறு ஆண்டே அமெரிக்காவில் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 சனவரி முதல் கியர் வரிசைக்கும் விசைகளின் அமைப்புக்கும் தரவிதிகள் நடப்புக்கு வந்தன. முதல் இரண்டு விதிகளே இவைதாம். 101, 102 என்று எண்ணிட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கற்ற பாடம் பிறகு ஏன் மறந்தது? ஆசையும் உண்டு, சிக்கனமும் உண்டு.

ஆசையை முதலில் பார்ப்போம். 1976 இல் காட்சிக்கு வந்த ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டா எண்களை ஒளிரவிட்டது. தொட்டால் இயங்கும் விசைகளை வைத்தது. பழுதுகளால் பெயர் கெட்டது. 1986 ஆம் ஆண்டு பியூக் ரிவியேராவில் பழைய தொலைக்காட்சிக் குழாய் போன்ற பச்சைத் தொடுதிரை வந்தது. வானொலிக்கும் குளிர்சாதனத்துக்கும் அதைத்தான் தொட வேண்டும். வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள், சில ஆண்டுகளில் நிறுவனமே அதை எடுத்துவிட்டது. இவையெல்லாம் வந்த வழியே போயின.

நிலைத்தது சிக்கனம். முன்பெல்லாம் ஒவ்வொரு விசையிலிருந்தும் அதற்குரிய கருவிக்குத் தனி மின்கம்பி செல்லும். 1986 இல் பாஷ் நிறுவனம் அறிமுகம் செய்த 'கேன்' என்னும் இணைப்பு முறையில், வண்டியின் கருவிகள் எல்லாம் ஒரே கம்பித் தடத்தில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. விசை இப்போது மின்சாரத்தைக் கொண்டு செல்வதில்லை; 'விளக்கைப் போடு' என்று செய்தி மட்டும் அனுப்புகிறது. செய்தி அனுப்புவதற்குப் பொத்தான் எதற்கு? திரையில் வரைந்த படமே போதுமே! பொத்தானுக்கு அச்சு செய்ய வேண்டும். பொருத்த ஆள் வேண்டும். திரைக்கு ஒருமுறை செலவு செய்துவிட்டால், எத்தனை 'பொத்தான்' வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம். 2001 இல் பிஎம்டபிள்யூ தன் 7 வரிசையில் பெரும்பாலான வேலைகளை ஒரு குமிழுக்கும் ஒரு திரைக்கும் மாற்றி வசை வாங்கிக் கட்டிக்கொண்டது. 2007 இல் ஐபோன் வந்து, கண்ணாடியைத் தடவுவதே நாகரிகம் என்றாயிற்று. 2012 இல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்தது. 2018 மே முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய மகிழுந்துகளுக்குப் பின்பக்க ஒளிக்கருவி கட்டாயமானபோது, எப்படியும் ஒரு திரை வைத்தே தீர வேண்டும் என்னும் நிலையும் வந்துவிட்டது. அந்தக் கருவி சிறு குழந்தைகளின் உயிரைக் காப்பது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கென வந்த திரையில் மற்ற வேலைகளையும் திணித்ததைத்தான் சொல்கிறேன்.

நம் நாட்டில் 1985 இல் முதல் புரோட்டோன் சாகா வந்தபோது அதன் முகப்புப் பலகையில் இருந்தவற்றைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரேயொரு தொல்லைதான்: ஜப்பானிய மரபில் வந்த வண்டிகளில் சிக்னல் தண்டு வலப்பக்கம், ஐரோப்பிய வண்டிகளில் இடப்பக்கம். வெயில் நேரத்தில் சந்திப்பில் திரும்பும் வண்டியின் மழைத்துடைப்பான் 'சரக் சரக்' என்று ஆடினால் ஓட்டுநர் வண்டி மாற்றியிருக்கிறார் என்று அறிந்துகொள்ளலாம்! ஆனாலும் தண்டு கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. ஒரு வாரத்தில் கை பழகிவிடும். திரையில் இருப்பதற்குக் கை பழகுவதே இல்லை. வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. எத்தனை ஆண்டு ஓட்டினாலும் ஒவ்வொரு முறையும் பார்த்தே தொட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அண்மையில் வந்த வண்டியில் (பெயர் வேண்டாம்) முன்கண்ணாடியின் ஆவியை நீக்கும் விசை, திரையில் இரண்டு பக்கங்கள் தள்ளி ஒளிந்திருக்கிறது. மாலை மூன்று மணிக்குக் கொட்டும் நம்மூர் மழையில் கண்ணாடி எவ்வளவு விரைவாக மூடிக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலை தெரியாதபோது தேட வேண்டிய பொத்தானைச் சாலையைப் பார்க்காமல் தேட வேண்டும் என்று அமைத்தவர், மழைநாட்டில் வாழ்ந்தவராக இருக்க முடியாது.

இது என் எரிச்சல் மட்டுமே என்று எண்ண வேண்டாம். சுவீடன் நாட்டு மகிழுந்து இதழான 'வீ பில்ஏகரே' 2022 இல் பதினொரு புதிய வண்டிகளையும் 2005 ஆம் ஆண்டு வோல்வோ ஒன்றையும் ஒரு வானூர்தித் தளத்தில் ஓட்டிப் பார்த்தது. வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். ஓட்டுநர்களுக்கு வண்டியைப் பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். வெப்பத்தைக் கூட்டுதல், வானொலியில் ஒரு நிலையத்தைப் பிடித்தல் போன்ற நான்கு வேலைகள். பொத்தான்கள் நிறைந்த பழைய வோல்வோவில் இவை பத்து வினாடியில் முடிந்தன; அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. கடைசியாக வந்த புதிய வண்டியில் ஏறத்தாழ 45 வினாடி, 1,372 மீட்டர். நமது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்பும் அதே 110 தான்.

ஓட்டுநர் ஒருமுறை கண்ணைத் திருப்பினால் இரண்டு வினாடிக்குமேல் ஆகலாகாது என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டி. அந்த இரண்டு வினாடியும் சிறிதன்று. பள்ளி வட்டாரத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிகூட அதற்குள் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்ந்துவிடும். நம் பள்ளி வாயிலுக்கும் எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையில் அவ்வளவு தொலைவு இல்லை. ஏழு வயதுப் பிள்ளைகள் கடக்கும் இடம் அது.

ஜெர்மனியில் ஒருவர் 2019 இல் கடுமழையில் தம் டெஸ்லா வண்டியின் துடைப்பான் வேகத்தைத் திரையில் மாற்றப்போய்ச் சாலையைவிட்டு விலகி மரங்களில் மோதினார். துடைப்பானை இயக்குவது வண்டியோட்டும் வேலையின் பகுதிதானே என்று வாதிட்டும் பயனில்லை. தொடுதிரையும் மின்னணுக் கருவியே என்று 2020 இல் கார்ல்ஸ்ருஹே மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 200 யூரோ தண்டம். ஒரு மாதம் ஓட்டத் தடை. அமைத்த நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை.

இதைவிடக் கொடிய நிகழ்ச்சி நமக்குப் பக்கத்திலேயே நடந்தது, கடலில். 2017 ஆகஸ்ட் 21 அதிகாலை, சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஜான் எஸ். மெக்கெய்ன்', 'ஆல்நிக் எம்சி' என்னும் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. கடற்படையினர் பத்துப் பேர் மாண்டனர். கப்பலின் இரு சுழலிகளின் வேகமும் தொடுதிரையில் கட்டுப்படுத்தப்பட்டது. இரண்டும் இணைந்திருக்கின்றன என்றெண்ணி வேகத்தைக் குறைத்தபோது ஒன்று மட்டுமே குறைந்தது. கப்பல் ஒருபக்கமாகத் திரும்பிற்று. கையில் பிடிக்கும் நெம்புகோல்களாக இருந்தால் ஒன்று மேலே ஒன்று கீழே நிற்பதைத் தொட்டாலே அறியலாம். பயிற்சிக் குறையும் சேர்ந்திருந்தது என்றாலும், திரையின் அமைப்பையும் 2019 இல் வந்த விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. அதே ஆண்டு, தன் நாசகாரிக் கப்பல்களில் நெம்புகோல்களைத் திரும்ப வைக்கப் போவதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது.

மகிழுந்துகளிலும் காற்று திரும்புகிறது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டது. ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் ஐந்து விசைகள் கையால் தொட்டுணரும்படி இருந்தால்தான் முழு மதிப்பு என்று விதித்துள்ளது. சிக்னல், அவசர விளக்கு, ஒலிப்பான், மழைத்துடைப்பான், அவசர அழைப்பு ஆகியவை அந்த ஐந்து. ஆவி நீக்கும் விசை அப்பட்டியலில் இல்லை. புதிய வண்டி வாங்கவிருக்கும் பெற்றோர், விற்பனையகத்தில் நிற்கும் வண்டியில் ஏறி அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடிப் பாருங்கள்.